புகையான் மருந்துக்குப் பழகிவிட்டதா?

‘முன்பு ஒரு தடவை மருந்து அடித்தாலே புகையான் அடங்கிவிடும். இப்போது மூன்று தடவை அடித்தும் நெல் வட்டம் வட்டமாகக் கருகுகிறது. பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டதா?’

- வாசகர், திருவண்ணாமலை

பழகவில்லை. பொறுக்கப்பட்டுவிட்டது என்பதுதான் சரி. வயலில் உள்ள ஏராளமான பூச்சிகளில் ஒருசிலவற்றுக்கு மருந்தைத் தாங்கும் சக்தி பிறவியிலேயே இருக்கும். மருந்து அடித்ததும் மற்றவை செத்துவிடும், இவை தப்பிவிடும். ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும், ஒரு தலைமுறை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். தப்பியவற்றின் வாரிசுகளே வயலை நிரப்பும். அதே மருந்தை மறுபடி அடித்தால் அதே வடிகட்டல்தான். விதை நெல்லுக்கு நாம் நல்ல கதிரைப் பொறுக்குவதுபோல, மருந்து பூச்சியைப் பொறுக்குகிறது.

இயற்கைத் தேர்வில் இது ஒரு வகை. கூட்டம் முழுவதையும் ஒரே பக்கமாகத் தள்ளுவதால் இதைத் திசைத் தேர்வு என்பார்கள். இன்னொரு வகையை ஆட்டுக்கொட்டகையில் பார்க்கலாம். ரொம்பச் சின்னதாகப் பிறக்கும் குட்டி குளிரில் போய்விடும். ரொம்பப் பெரியது பிரசவத்தில் சிக்கும். நடுத்தர எடைக் குட்டிகளே அதிகம் பிழைக்கும், அந்த எடையே நிலைக்கும். மூன்றாவது வகை இதற்கு நேர் எதிர். ஆப்பிரிக்காவின் கேமரூனில் விதை தின்னும் குருவி ஒன்று உண்டு. கடின விதைக்குப் பெரிய அலகு, மென்மையான விதைக்குச் சின்ன அலகு. நடுத்தர அலகுக் குருவிகளே அதிகம் சாகின்றன.

மருந்து மட்டுமல்ல, நெல் ரகமும் பூச்சியைப் பொறுக்கும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973-ல் புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.26 ரகத்தை வெளியிட்டது. நம் தமிழ்நாட்டு டி.கே.எம்.6 அதன் பெற்றோர்களில் ஒன்று. எங்கும் அதையே நட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதையும் தின்னும் புகையான் பெருகிவிட்டது. 1976-ல் ஐ.ஆர்.36 வந்தது. ரகத்தை மட்டும் நம்பினால் இந்த ஓட்டம் நிற்காது.

அப்படியானால் என்ன செய்வது? முதலில், எண்ணிப் பாருங்கள். தூருக்கு ஒரு பூச்சிக்கு மேல் போனால்தான் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் சிலந்தியைக் கொன்று புகையானைப் பெருக்கும், வேண்டாம். கடைக்காரர் பெயர் மாற்றித் தரும் மருந்து பழைய வகையாகவே இருக்கலாம். வேளாண் அலுவலரிடம் வகையைக் கேட்டு மாற்றுங்கள். யூரியாவைப் பிரித்துப் போடுங்கள். தண்ணீரை வடித்து, தூரின் அடியில் படும்படி அடியுங்கள். அடுத்த நடவில் எட்டடிக்கு ஓரடி இடைவெளி விடுங்கள்.