மடை திறந்தால் வாத்து வரும்

வரப்பும் சிறகும் – 14

ஆல்ப்ஸ் மலையில் குளிர்காலம் வந்துவிட்டால் பறவை பார்ப்பவர்களின் பட்டியல் சுருங்கிவிடும். பெரும்பாலான இனங்கள் தெற்கே இறங்கிவிட, பனிச்சரிவுகளில் தாக்குப்பிடிப்பவை சிலதான். அவற்றைப் படமெடுக்க ரோப் கார் ஏறி, மூக்கு விறைக்கக் காத்திருக்க வேண்டும். திருச்சிப் பக்கத்து மண்ணச்சநல்லூரில் எல்லாமே தலைகீழ். மார்கழி, தையில்தான் இங்கே பட்டியல் நீளும். குளிர் என்பதும் பேருக்குத்தான். விடிகாலையில் ஒரு மஃப்ளர், டீக்கடையில் ஒரு டீ, எட்டு மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில்.

இந்த வட்டாரத்தில் பறவைப் பருவத்தைத் தொடங்கிவைப்பது நீர்வளத்துறைதான் என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூட வேண்டும் என்பது டெல்டாவின் பழைய கணக்கு. முக்கொம்புக்கு மேற்கே வாத்தலையில் பிரிகிற புள்ளம்பாடி வாய்க்காலுக்கு வேறு கணக்கு: தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை, 137 நாள். அந்த வாய்க்கால் மண்ணச்சநல்லூர், லால்குடிப் பக்கம் வழியாக ஏரிகளை நிரப்பிக்கொண்டு அரியலூர் மாவட்டத்துக்குள் போகிறது. கடைசியில் அது நிரப்புகிற ஏரிகளில் ஒன்றுதான் கரைவெட்டி.

வடக்கே சைபீரியாவில் ஏரிகள் உறையத் தொடங்கும்போது வாத்துகள் கிளம்பிவிடுகின்றன. ஆனால் இங்கே வந்து தங்குமா, மேலேயே சுற்றிவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டு போகுமா என்பதை முடிவு செய்வது மடையும் மதகும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் தலையை மூழ்கவிட்டு, வாலைத் தூக்கி, எட்டிய ஆழத்தில் மேய்பவை. தண்ணீர் ஆளுயரம் நின்றாலும் அவற்றுக்கு வசதிப்படாது, வற்றிப் போனாலும் வசதிப்படாது. அதனால் என்னிடம் "எந்த மாசம் போனா வாத்து பார்க்கலாம்?" என்று கேட்பவர்களிடம், முதலில் வாய்க்காலில் தண்ணீர் எப்போது நின்றது என்று விசாரித்துக்கொண்டு போகச் சொல்வேன்.

ஏரிக்கு முன்னால் வயல். பெருவளை வாய்க்காலும் அய்யன் வாய்க்காலும் பாயும் பகுதியில் சம்பாவுக்குச் சேடை ஓட்டும்போதே முதல் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். டிராக்டர் சக்கரத்துக்குப் பின்னால் உண்ணிக்கொக்கு வரிசை கட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதற்கும் பின்னால், புரட்டிப்போட்ட சேற்றில், சேற்று நிறத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் பொறி உள்ளானைப் பலர் கவனிப்பதில்லை. அறுபது கிராம் சொச்சம் எடை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியா வரைக்குமான சதுப்புகளில் குஞ்சு பொரித்துவிட்டு, நம் ஊர் நாற்றங்காலுக்கு வந்து புழு பொறுக்குகிறது.

நடவு முடிந்து பயிர் எழும்பியதும் உள்ளான்கள் விலகிவிடும், சேறு மறைந்துவிடுகிறதே. அப்போது வயல் சேற்றுப் பூனைப்பருந்துக்குச் சொந்தம். கதிர் நுனியை உரசுகிற உயரத்தில், இறக்கையை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி, வரப்பு வரப்பாக அலசிக்கொண்டு போகும். மின்கம்பிகளில் தகைவிலான்களும் நீலவால் பஞ்சுருட்டான்களும். படமெடுப்பவருக்கு இது கொஞ்சம் சலிப்பான காலம். கம்பியில் உட்கார்ந்த பறவையைக் கீழேயிருந்து எடுத்தால் வெளுத்த வானமும் பறவையின் வயிறும்தான் கிடைக்கும்.

உண்மையான கொண்டாட்டம் அறுப்புக்குச் சில நாள் முன்பு. வரப்பில் முக்காலியை ஊன்றி நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன தம்பி, இந்தப் பக்கமும் ரோடு போடப் போறாங்களா?"

முக்காலியைப் பார்த்தாலே சர்வே என்ற பயம் இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு உண்டு, காரணமும் உண்டு.

"இல்லீங்கய்யா. குருவி படம் எடுக்கிறேன்."

"குருவியா? அதுக்கு நாளைக்குல்ல வரணும். நாளைக்குத் தண்ணி வடிக்கிறேன். கீழண்டை மடையில வந்து நில்லுங்க, அம்புட்டும் அங்கதான் கெடக்கும்."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. மண்வெட்டியால் மடையை வெட்டிவிட்ட சிறிது நேரத்தில் ஒரு மடையான் வந்து மடைவாயில் நின்றுகொண்டது. தண்ணீரோடு சறுக்கி வரும் குரவைக் குஞ்சையும் தவளைக் குஞ்சையும் அங்கே பிடிப்பது சுலபம். அடுத்து சின்னக் கொக்குகள். வயலுக்குள் தண்ணீர் இறங்க இறங்க, நத்தைகுத்தி நாரைகள் கனமாக வந்து இறங்கின. அலகின் நடுவே இருக்கும் அந்த இடைவெளி எட்ட நின்றே தெரியும். ஓட்டை உடைக்காமல், அலகு நுனியை உள்ளே விட்டு நத்தையின் சதையை மட்டும் உருவுகிற லாகவத்தை லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது படம் எடுக்க மறந்துபோகும். தண்ணீர் வடிந்து சேறு மட்டும் பளபளத்தபோது உள்ளான்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியில், ஈரம் உலரத் தொடங்கிய ஓரத்தில், மஞ்சள் வாலாட்டிகள். ஒரே வயலில் ஒரே காலையில் பந்தி மாதிரி முறை வைத்து வந்து போயின. அந்தப் பெரியவருக்கு ஒரு பறவையின் பெயரும் புத்தகத்தில் உள்ளபடி தெரியாது. எது எப்போது எங்கே வரும் என்பது தெரியும். பறவைப் படம் எடுக்க வருகிறவர் ஒன்றரை லட்சத்துக்கு லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் தேட வேண்டியது இப்படி ஒரு ஆளைத்தான் என்பது என் கட்சி.

லென்ஸ் பேச்சு வந்ததால் ஒரு நுட்பம். பனிமலையில் படமெடுப்பவர்கள் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் போலக் கூட்டி வைப்பார்கள். சட்டகம் முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமராவின் மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், பனி அழுக்காகத் தெரியும். நமக்கோ கறுத்த சேறு, அதன் நடுவே ஒற்றை வெள்ளைக் கொக்கு. மீட்டர் சேற்றைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கின் இறகு ஒன்றும் தெரியாமல் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துவிடும். எனவே நாம் முக்கால் ஸ்டாப்பாவது குறைக்க வேண்டும். ஐரோப்பியர்களின் வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வருகிற பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இன்னொன்று, ஏசி போட்ட காரிலிருந்து இறங்கிய உடனே மார்கழி ஈரக்காற்றில் லென்ஸை நீட்டினால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு வாருங்கள், ஊரைப் பார்த்த மாதிரியும் இருக்கும்.

அப்புறம், வரப்பில் மண்டியிடுங்கள். பேன்ட் சேறாகும்தான். ஆனால் பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கி எடுத்த உள்ளானும், நின்றபடி குனிந்து எடுத்த உள்ளானும் ஒன்றல்ல.

கரைவெட்டிக்கு வருவோம். ஏறத்தாழ 454 ஹெக்டேர். 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பெயர் பெற்ற விருந்தாளி வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு. திபெத், மங்கோலியா பக்கத்து மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு இமயத்தைத் தாண்டி வருகிறது. மங்கோலியாவில் பிடித்துக் கருவி பொருத்திய வாத்துகளை வைத்து 2015-இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரேயடியாக உயரத்துக்கு ஏறி நேர்கோட்டில் பறக்காமல், மலை ஏறினால் ஏறி, பள்ளத்தாக்கு வந்தால் இறங்கி, நிலத்தை ஒட்டியே அவை வருகின்றனவாம். இறங்கினால் மறுபடி ஏற வேண்டுமே, வீண் உழைப்பு இல்லையா என்று தோன்றும். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அங்கேயே நீடித்துப் பறப்பதுதான் அதிகச் செலவு, இறங்கி ஏறுவதே லாபம் என்பது ஆய்வின் முடிவு. வேறொரு ஆய்வில் ஒரு வாத்து 7,290 மீட்டர் வரை போனது பதிவாகியிருக்கிறது. ஆல்ப்ஸின் உச்சியான மோன் பிளாங் ஐயாயிரம் மீட்டரைக்கூடத் தொடாது.

இவ்வளவு கணக்குப் பார்த்து வந்த பறவையை நாம் ஒரு படத்துக்காகக் கிளப்பிவிடுகிறோம். "கூட்டமா பறக்குற ஷாட்" வேண்டும் என்று ஏரிக்கரையில் கைதட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இப்போது ட்ரோன் வேறு. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் சரிவுகளில், கவுதாரிக்கு உறவான பிளாக் க்ரௌஸ் என்ற பறவை, குளிரில் பெரும்பொழுதைப் பனிக்குள் குழி பறித்துப் பதுங்கிக் கழிக்கும். பனிச்சறுக்கு ஆட்கள் நடமாடும் இடங்களில் அதன் எச்சத்தைச் சோதித்தபோது அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் கூடியிருந்தது என்று 2007-இல் ஒரு ஆய்வு சொன்னது. பார்வைக்கு அந்தப் பறவைக்கு ஒன்றும் ஆகவில்லை, பறந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்தது, அவ்வளவுதான். செலவு உள்ளே நடக்கிறது. அங்கே குளிர்காலத்தில் மனிதர் நுழையக் கூடாத அமைதிப் பகுதிகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஏரிகளில் கரையை விட்டு இறங்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. வலை போட்டுக் கொக்கு, மடையான் பிடித்து விற்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கிறது. கைதட்டிக் கிளப்புவதைத்தான் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

காட்டுயிர்ப் படக்கலைஞர் மா. கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்ட கருவியோடு அலைந்தவர் அவர். அந்தப் படங்களில் விலங்கு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், நம்மைப் பார்த்து மிரண்டிருக்காது.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2015-இல் தொடங்கியது. சரணாலயத்துக்குப் போனால்தான் என்றில்லை. எந்த இடத்திலும் கால் மணி நேரம் நின்று, பார்த்த இனங்களையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும். மண்ணச்சநல்லூர்க்காரர்கள் அரிசி ஆலைக் களத்திலிருந்தே தொடங்கலாம். அவித்த நெல் காயும் இடத்தில் புறாவும் புள்ளிப்புறாவும் சிட்டுக்குருவியும் கிளியும் எப்படியும் வந்துவிடும். கிளியை விரட்டுகிற ஆளிடமே எத்தனை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம், அவருக்குத்தான் கணக்கு சரியாகத் தெரியும். கரைவெட்டி போகிறவர்கள் ஏழு மணிக்குள் கரையில் இருங்கள். ஒன்பதுக்கு மேல் தண்ணீர் மீது கானல் ஆடத் தொடங்கினால் எவ்வளவு பெரிய லென்ஸானாலும் படம் கலங்கும்.

(அடுத்த வாரம்: கொள்ளிடத்து மணல்மேட்டில் முட்டையிடுகிறவர்கள்)