மீன் பிடித்தவர்களுக்கே வலை வீசிய படை!
"வீட்டுக்கு ஒரு ஆள் கொடு": வன்னிக் கரையில் நடந்த பிள்ளைபிடி

(நமது நிருபர்)

அரூர்,

அரூர்க்காரன் கடல் பார்க்கணும்னா பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறணும். ஆனால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்த குடும்பங்கள் நம்ம தர்மபுரி மாவட்டத்திலேயே இருக்கின்றன. தும்பலஅள்ளி, நாகாவதி அணைப் பக்கம் போனால் இலங்கைத் தமிழர் முகாம்களைப் பார்க்கலாம்.

1983-ல் தொடங்கி 2009 வரை ராமேசுவரம் கரையில் வந்து இறங்கியவர்கள் கொஞ்சமா நஞ்சமா? குண்டுக்குப் பயந்து வந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இன்னொரு பயமும் இருந்தது. அதை நம்ம பக்கம் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

அதுதான் பிள்ளைபிடி பயம்! விவரம் வருமாறு:-

கடற்புலிகள்

விடுதலைப்புலிகள் 1984-ல் கடல் பிரிவு தொடங்கினார்கள். பின்னாளில் அதற்குக் கடற்புலிகள் என்று பெயர். தளபதி சூசை. ஆரம்பத்தில் சேர்ந்த பையன்கள் விரும்பித்தான் சேர்ந்தார்கள். வல்வெட்டித்துறை, முல்லைத்தீவு கரையில் கடல் தெரிந்த ஆளுக்குப் பஞ்சமா? காற்று, நீரோட்டம், கும்மிருட்டில் கரை சேருகிற வித்தை எல்லாம் மீனவன் பிள்ளைக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

எந்த ஊர்க் கடற்படைக்கும் மீனவன் மேல் ஒரு கண் உண்டு. இங்கிலாந்தில் 1793 முதல் 1815 வரை பிரான்சோடு சண்டை நடந்தபோது, துறைமுகத் தெருக்களில் கம்பும் கையுமாக ஒரு கும்பல் இறங்கும். கடல் வேலை தெரிந்தவன் சிக்கினால் தரதரவென்று கப்பலுக்கு இழுத்துப் போவார்கள். சில மீனவர்கள் விலக்குச் சீட்டு வைத்திருந்தார்கள். அவசரம் முற்றினால் அந்தச் சீட்டும் செல்லாது. இத்தனையும் சட்டப்படியே நடந்தது!

சுனாமி முகாமிலும்...

வன்னிக்கு வருவோம். 2002-ல் சண்டை நிறுத்தம் வந்தது. ஆள் பிடிப்பது நிற்கவில்லை. சிறுவர்களையும் படையில் சேர்க்கிறார்கள் என்று 2004-ல் 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' அமைப்பு அறிக்கை விட்டது. அந்த வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி. முல்லைத்தீவு கரையே துடைத்து எடுத்தது போல் ஆனது. வீடு இழந்து முகாமில் கிடந்த பிள்ளைகளையும் சேர்த்தார்கள் என்று யூனிசெப் புகார் சொன்னது.

2006-ல் சண்டை மறுபடி மூண்டதும் "வீட்டுக்கு ஒருவர்" கட்டாயம் ஆனது. மீனவன், விவசாயி என்ற பேதம் இல்லை. 2008-ல் ஒன்று போதாது என்று இரண்டாவது பிள்ளையையும் கேட்டார்கள்.

பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? பதுங்கு குழியில் பிள்ளையை ஒளித்து வைத்தார்கள். கல்யாணம் ஆனவர்களை முதலில் விட்டுவைத்ததால், படிக்கிற வயசிலேயே அவசரத் தாலி கட்டி வைத்தார்கள். அப்புறம் தாலிக்கும் மரியாதை போய்விட்டது. வன்னியை விட்டு வெளியே போக பாஸ் வேண்டும். பாசுக்குப் பிணையாக வீட்டு ஆள் ஒருவர் அங்கேயே இருக்கணும்!

இன்னொரு பக்கம் இலங்கைக் கடற்படை. 1980-களில் இருந்தே வடக்குக் கடலில் தடைக்கு மேல் தடை. தொழிலுக்குப் போனால் அவன் சுடுவான், கரையில் இருந்தால் இவன் பிடிப்பான்.

ஒரு நாள் இருந்தாலும்...

2009 கடைசி மாதங்களில் 14 வயசுப் பிள்ளைகளையும் இழுத்தார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொன்னது. மக்களில் பெரும்பாலோர் செத்தது அரசுப் படையின் குண்டு வீச்சில்தான் என்றும் அதே குழு சொன்னது.

தப்பித்து ஓமந்தை சோதனைச் சாவடிக்கு வந்தவர்களுக்கு ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு காத்திருந்தது. இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் தனியாக வந்து பதிவு செய்யணும்!

விரும்பிப் போனவன், பிடித்துக்கொண்டு போனவன் என்று அங்கே இரண்டு வரிசை கிடையாது. சுமார் 12 ஆயிரம் பேர் 'புனர்வாழ்வு' முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் வீட்டில் இருந்து இழுத்துச் செல்லப்பட்ட பிள்ளையும், இருபது வருஷம் துப்பாக்கி பிடித்தவனும் ஒரே லாரியில் ஏறினார்கள்.