டயரைப் பெரிதாக்கினால் பிரேக்கையும் பெரிதாக்குங்கள்
மலைப்பாதையில் சரக்கு ஏற்றும் வணிகர்கள் கவனத்திற்கு

மலையூர்க் கடைகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டுசேர்ப்பதும், அங்கிருந்து ஏலம், மிளகு, காப்பி இறக்கிவருவதும் பல இடங்களில் இன்றும் ஜீப்புகள்தாம். லாரி ஏறாத தோட்டப் பாதைகளில் இவையே நமக்குக் கைகொடுக்கின்றன. இத்தகைய வண்டிகளில் கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய டயர் மாட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. சேற்றில் பிடிப்பு கிடைக்கிறது, அடிப்பகுதி கல்லில் இடிப்பதில்லை என்பது காரணம். அது நியாயமே. ஆனால் ஏறுவதற்கு உதவும் டயர், இறங்கும்போது என்ன செய்கிறது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பலம் குறைவது எப்படி?

பழைய வில்லிஸ் ஜீப் காலத்திலிருந்து வரும் டயர் அளவு 6.00-16. அதன் குறுக்களவு சுமார் 29 அங்குலம். அதற்குப் பதிலாக 7.50-16 மாட்டினால் சுமார் 32 அங்குலம் ஆகிறது. இதனால் அச்சு உயர்வது ஒன்றரை அங்குலம் மட்டுமே. அதற்கு நாம் கொடுக்கும் விலையைப் பாருங்கள்.

நம் கடைப் பிளாட்பாரத் தராசின் தண்டில், குண்டை வெளியே நகர்த்த நகர்த்த அதே குண்டு அதிக எடைக்கு ஈடு கொடுக்கும். சக்கரத்திலும் இதே கணக்குதான். பிரேக் பிடிப்பது நடுவில் உள்ள டிரம்மில். வண்டியைத் தள்ளும் விசை வேலை செய்வதோ டயரின் விளிம்பில். விளிம்பு வெளியே போகப்போக, அதே பிரேக்கின் பிடி சாலையில் குறைந்துபோகிறது. 29 அங்குலம் 32 ஆனால், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பலம் போய்விடும். டயரின் கூடுதல் எடை இதற்கு மேல்.

ஸ்பீடாமீட்டரும் ஏமாற்றும். முள் 40 காட்டும்போது வண்டி உண்மையில் 44 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். வேகம் பத்து சதவீதம் கூடினால், நிறுத்தும்போது பிரேக்கில் உண்டாகும் சூடு சுமார் இருபத்தொரு சதவீதம் கூடும். கியரில் இறங்கும்போது இன்ஜின் தரும் பிடிப்பும் அதே அளவில் தளரும்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைப் பாதையில் 40. இப்படிப்பட்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக் பிடித்தால் டிரம் சூடேறி விரிகிறது, லைனிங்கின் பிடிப்பு குறைகிறது, பெடல் கீழே போகிறது. பிரேக் ஆயில் கொதித்து ஆவியானால் பெடலை எவ்வளவு மிதித்தும் பயனில்லை. மூட்டைகளுக்கு மேல் கூலியாட்கள் உட்கார்ந்திருக்கும் வண்டி அது என்பதை மறக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை

1. முதலில் இருப்பதைச் சரிசெய்யுங்கள். லைனிங், டிரம், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் ஆகியவற்றைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டையை உயர்த்தியிருந்தால், அச்சு முழுவதும் கீழே தொங்கும்போது ஹோஸ் இழுபடாத நீளம் இருக்க வேண்டும்.

2. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட்-3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 டிகிரியே அதற்கு எல்லை. டாட்-4-க்கு இந்த அளவுகள் 230, 155. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். அவசரத்துக்குக்கூட இன்ஜின் ஆயிலை ஊற்றக் கூடாது. உள்ளே உள்ள ரப்பர்கள் உப்பிப்போகும்.

3. பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன். ஒரு குழாய் ஒழுகினால் மொத்தமும் போயிற்று. இரட்டை மாஸ்டர் சிலிண்டர் இருந்தால் முன், பின் லைன்கள் தனித்தனி. ஒன்று போனாலும் மற்றொன்று காக்கும்.

4. வேக்குவம் பூஸ்டர் கால் பலத்தை மிச்சப்படுத்தும். டீசல் வண்டியில் இதற்கு வேக்குவம் பம்ப் தேவை. அது இன்ஜின் ஓடும்போதே வேலை செய்யும். டீசல் மிச்சம் என்று இன்ஜினை நிறுத்தி இறக்கத்தில் உருட்டுபவர்களுக்கு, ஓரிரு மிதிக்குப் பின் பெடல் கல்லாகிவிடும்.

5. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் நல்ல பலன் தரும். சூடு விரைவில் ஆறும். ஓடையைக் கடந்தால் விரைவில் உலரும். ஆனால் டிஸ்க்கை மட்டும் வாங்கி மாட்டுவது அரை வேலை. மாஸ்டர் சிலிண்டரும், முன்-பின் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வும் அதற்குப் பொருந்த வேண்டும். இல்லையேல் பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழலும்.

வேலை முடிந்ததும் காலி வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள். பிறகு பாதிப் பாரத்தோடு, அதன்பின் முழுப் பாரத்தோடு. ஒரு பக்கம் இழுத்தால் மலைக்கு அனுப்ப வேண்டாம்.

சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இதைக் காட்டியே வழக்காடும். எனவே அந்த மாடலுக்குத் தயாரிப்பாளரே தரும் டயர் அளவையும் பிரேக் பாகங்களையும் தேர்ந்தெடுங்கள். ஐயம் இருந்தால் செலவு செய்யும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மில் சொந்த வண்டி உள்ளோர் சிலரே. பெரும்பாலோர் வாடகைக்கே அனுப்புகிறோம். மூட்டைக்கு இரண்டு ரூபாய் குறைக்க அரைமணி நேரம் பேசுகிறோம். பெரிய டயர் போட்ட வண்டி வந்தால், "பிரேக் வேலை எப்போது பார்த்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்போம். சரியான பதில் வராவிட்டால், சரக்கு ஒருநாள் தாமதமாகப் போகட்டும். தாமதமான மூட்டையை மறுநாள் அனுப்பலாம். மலையிலிருந்து உருண்ட வண்டியிலுள்ள உயிர்களைத் திரும்பப் பெற முடியாது.