பாம்பனைக் கடந்த பாரம்

பாம்பன் பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்து செல்லும்போது யாத்ரீகர்கள் ஜன்னல் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு கடலைப் பார்ப்பது வழக்கம். 1914-ஆம் ஆண்டில் திறந்த பழைய பாலம் ஓய்வு பெற்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்துவிட்டது. வேடிக்கை பார்க்கும் ஆசை மட்டும் மாறவில்லை. ஆனால் இதே வழியில், கடலை ஏறிட்டும் பாராமல், மடியில் செருகியிருந்த காகிதத்தையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சென்ற ஜனங்களும் உண்டு.

சர்க்கார் காரியாலயத்து விண்ணப்பத் தாளுக்குத் தமிழில் 'பாரம்' என்று பெயர். இங்கிலீஷ் சொல்லை இப்படித் தமிழாக்கிய புண்ணியவான் அதன் எடையையும் அறிந்தவராகத்தான் இருக்கவேண்டும்!

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளரை மண்டபம் முகாமில் சில நாள் தனிப்படுத்தி வைத்து, நோய் நொடி இல்லையென்று கண்ட பிறகே கப்பலேற்றினார்கள். எழுத்தறியாத அவர்களுக்குத் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லையே தஸ்தாவேஜு. தோட்டம் மாறவேண்டுமானால் கடன் கணக்கைக் காட்டும் 'துண்டு' வேண்டும். அந்த முறை 1921-இல் ஒழிந்தது. 1939-இல் இந்திய சர்க்கார் தொழிலாளர் போவதையே தடை செய்தது.

காகிதத்தின் உண்மையான ஆட்சி அதற்குப் பிறகுதான் ஆரம்பமாயிற்று. 1948-ஆம் வருஷத்து இலங்கைப் பிரஜா உரிமைச் சட்டம், தகப்பனார் அந்நாட்டில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனாரும் முப்பாட்டனாரும் பிறந்ததற்கு, அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த நாளில் பிறப்புப் பத்திரம் ஏது? 1949-இல் மற்றொரு சட்டம் வந்தது. 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன் மணமானவர் ஏழு வருஷமும், மணமாகாதவர் பத்து வருஷமும் இடைவிடாது இலங்கையில் வாழ்ந்திருக்கவேண்டும். ஒரே தடவையாகப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் தொடர்ச்சி அறுந்தது! தாயாருக்குக் கருமாதி செய்யவும் பெண்ணுக்குக் கலியாணம் முடிக்கவும் பாம்பன் வழியாக ஊர் வந்து, கையில் காசில்லாமல் சற்று அதிகமாகத் தங்கிவிட்டவன் என்ன செய்வான்?

இந்தியக் காங்கிரஸார் முதலில் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்தார்கள். பிறகு மனம் மாறினார்கள். 1951 ஆகஸ்டு 5-ஆம் தேதிக் கெடுவுக்குள் 2,37,000-க்கு மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. அவற்றில் அடங்கியவர்கள் எட்டு லட்சத்துக்கு மேல். உரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். ஒரு தாளில் 'கருப்பாயி', இன்னொன்றில் 'கறுப்பாய்' என்றிருந்தால் இருவரும் ஒருத்தியே என்று குமாஸ்தாவை நம்பவைப்பது, மலையேறிக் கொழுந்து பறிப்பதைக் காட்டிலும் கஷ்டமான வேலை.

1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ அம்மையாரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். (அவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்தது 1974-இல்.) இரண்டு மாதத்திற்குள் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கிற்று. அதன் பின்னர் தலைமன்னார்க் கப்பல் ராமேசுவரத்துக்கே வந்தது. விண்ணப்பிக்க 1970 ஏப்ரல் 30 கடைசி நாள். இந்தியாவுக்கு ஒதுக்கிய எண்ணிக்கை நிரம்பவில்லை. இலங்கையின் மூன்று லட்சம் இடங்களுக்கோ இரு மடங்குக்கு மேல் மனுக்கள் விழுந்தன. எங்கே வாழ விரும்பினார்கள் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

திரும்பி வந்தவர்கள் இறங்கிய இடமும் மண்டபம் முகாம்தான். பாட்டன் தகர வில்லையுடன் காத்திருந்த இடத்தில் பேரன் 'குடும்ப அட்டை'யுடன் காத்திருந்தான். குடும்பத்தார் பெயர்களும், தோட்ட வேலையா வியாபாரக் கடனா என்ற விவரமும் அதில் கண்டிருந்தன. சிலர் கோத்தகிரி, கூடலூர்த் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். மலைக் குளிரைத் தவிர வேறொன்றும் அறியாத சிலரை அட்டை வெயிற் சீமைகளுக்கு அனுப்பியது. அட்டையில் வயது தப்பாக விழுந்தாலும் அதுவே அன்று முதல் வயது.

நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் இப்படி வந்து சேர்ந்தார்கள். யுத்தத்தால் 1984-இல் கப்பல் நின்றது. இந்தியப் பிரஜைகள் என்று எழுதப்பட்டும் வர இயலாமல் அங்கேயே தங்கியவர்களுக்கு, 2003-ஆம் வருஷத்துச் சட்டம் இலங்கைப் பிரஜா உரிமை அளித்தது. 1964 முதல் அந்நாட்டில் நிலையாக வாழ்ந்தவர்களும் அவர்கள் சந்ததியாரும் பிரகடனம் செய்து கையெழுத்திட்டால் போதும் என்றாயிற்று. முப்பாட்டன் பிறந்த ஊருக்கு அத்தாட்சியை யாரும் கேட்கவில்லை.