மலிவான சில்லு, கூடுதல் வேகம்
கணிப்பொறியின் மையச் சில்லு ஒரு துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. அத்துடிப்பை, செய்தவர்கள் குறித்த அளவுக்கு மேல் விரைவுபடுத்தினால் என்ன ஆகும்?

1998 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்ற சில்லை 149 டாலர் மொத்த விலையில் வெளியிட்டது. தாய்ப்பலகை தரும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை அது நாலரை மடங்காக்கும்; ஆக 300. மடங்கை மாற்ற வழியில்லை. ஆனால் பலகையின் துடிப்பையே 100 ஆக்கினால்? 450 மெகாஹெர்ட்ஸ்! அவ்வேகத்தில் அதே மாதம் வந்த பென்டியம்-2 சில்லின் விலை 669 டாலர். இரண்டும் ஒரே 0.25 மைக்ரான் முறையில் செய்யப்பட்டவை அல்லவா? ஆகவே பல செலரான்கள் தாங்கின, சில தாங்கவில்லை.

அப்படியானால் பணத்தை எதில் போடுவது? 100 மெகாஹெர்ட்ஸ் தரும் 440பிஎக்ஸ் வகைப் பலகை, அதற்கு ஈடுகொடுக்கும் பிசி100 நினைவகம், நல்ல விசிறி ஆகியவற்றில்தான்.

விசிறியை அற்பமாக எண்ணாதீர்கள். சில்லின் மின்செலவு துடிப்புக்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப வளர்கிறது. சில்லு தடுமாறுகிறதென்று 2.0 வோல்ட்டை 2.2 ஆக்கினால், 1.5 × 1.21, ஏறக்குறைய 1.8 மடங்கு! அத்தனையும் வெப்பமாகும். சில்லு நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. நிற்காமல் கணக்கைத் தப்பாகப் போட்டால் கோப்புகள் கெடும். எனவே பல மணி நேரம் கடுங்கணக்குகள் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

இன்று இன்டெல் மடங்கைத் திறந்துவிடுவது பெரும்பாலும் 'கே' எழுத்துள்ள, விலை கூடிய சில்லுகளில்தான். அதற்கேற்ற பலகைக்கும் விலை அதிகம். வாங்குமுன் கூட்டிப் பாருங்கள். அத்தொகைக்கு இன்னும் உயர்ந்த சில்லே கிடைக்கக்கூடும்.