மலையேற்றமும் மூச்சிளைப்பும்

ஊவாவின் மலைச்சரிவில் ஏறுவோருக்கு மூச்சு வாங்குதல் புதுமையன்று. பசறையிலும் தெமோதரையிலும் கொழுந்துக் கூடையுடன் மேடேறுவோர் ஆண்டு செல்லச் செல்ல இளைப்பு மிகுவதை இயல்பென்றே எண்ணிவிடுகின்றனர். இருமல் சேர்ந்தால் தொய்வு என்பர். உடல் மெலிந்தால் காசநோய் என்பர். இவ்விரண்டும் அல்லாத வேறொரு நோயும் உண்டு. அதுவே சுவாசப்பையின் இடைத்திசு நோய்.

சுவாசப்பைக்குள் கோடிக்கணக்கான காற்றுச் சிற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவரினூடாகவே பிராணவாயு இரத்தத்தை அடைகின்றது. தொய்வு நோயில் காற்றுக் குழாய்கள் சுருங்கும். இந்நோயிலோ சிற்றறைச் சுவர்கள் தடித்துத் தழும்பேறும். அதனால் சுவாசப்பை விரிய மறுக்கின்றது. வறட்டிருமலும் நாளடைவில் வளரும் இளைப்பும் இதன் குறிகள். சிலருக்கு விரல் நுனிகள் பருக்கும்.

தேயிலைத் தொழிற்சாலையின் சலிப்பறையில் தூசியும் இளந்தளிரின் நுண்மயிரும் பறக்கின்றன. தேயிலைத் தொழிலாளரிடம் தோன்றும் தொய்வைப் பற்றி இலங்கை வைத்தியர் சி. ஜி. ஊரகொட 1970ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் எழுதினார். எனவே, தூசியில் உழைப்போரின் இருமலெல்லாம் இடைத்திசு நோயாகிவிடாது. பூஞ்சணம் பிடித்த வைக்கோல், பறவைகளின் எச்சம், மூட்டுவாதம், சில மருந்துகள் ஆகியவற்றாலும் இந்நோய் வரலாம். சிலரிடம் காரணமே புலப்படுவதில்லை.

ஆகவே வைத்தியரின் முதற் கருவி கேள்வியே. எத்தொழில், எத்தனை ஆண்டு, வீட்டில் கோழியோ புறாவோ உண்டா, உட்கொள்ளும் மருந்துகள் எவை என அவர் வினவுவார். பின்னர் சளியைச் சோதித்துக் காசநோய் உண்டா எனப் பார்ப்பார். தொடக்கத்தில் எக்ஸ்-கதிர்ப் படம் பழுதின்றித் தோன்றக் கூடும். மூச்சளவுச் சோதனையும் சி.டி. படமும் உண்மையை உணர்த்தும்.

காரணம் தெரிந்தால் அதனின்று விலகுவதே முதற் சிகிச்சை. அழற்சி மிகுந்த வகைகளுக்கு ஸ்டீரொய்ட் மருந்து பயன்படும். காரணம் அறியாத தழும்பு நோய்க்கோ அம்மருந்துடன் வேறிரண்டைச் சேர்த்துக் கொடுத்தபோது மரணங்கள் மிகுந்தன என 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிர்பெனிடோன், நின்டெடனிப் என்னும் மருந்துகள் தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கின்றன. ஏறிய தழும்பை அவை அகற்றுவதில்லை. புகைத்தலை நிறுத்துதல், தடுப்பூசி, மூச்சுப் பயிற்சி, வேண்டியபோது பிராணவாயு ஆகியவை துணைநிற்கும்.

இழந்த சுவாசப்பை மீளாது, எஞ்சியதைக் காக்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தாலோ, நேற்று ஏறிய மேடு இன்று கடினமானாலோ, பதுளை மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தை நாடுதல் நன்று. அங்கே செய்யும் தொழிலை மறவாது சொல்வது மிக நன்று.