பிரான்ஸின் மோட்டார் புகாத சரளைப் பாதைகள்

மேற்குப் பிரான்ஸில் நாந்த் நகரத்தையும் பிரெஸ்த் துறைமுகத்தையும் இணைப்பதற்காக வெட்டப்பட்ட 364 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயின் கரையோரமாகச் சைக்கிளில் புறப்படும் ஒருவர், ஊர்களுக்குள் நுழையும்போதும் சாலைகளைக் குறுக்கே கடக்கும்போதும் தவிர, மோட்டார் வண்டிகளின் இரைச்சலும் புகையும் இன்றிப் பல நாட்கள் பிரயாணம் செய்யலாம். அவருடைய சக்கரங்களுக்கு அடியில் பெரும்பாலும் தார் இராது. நொறுக்கிய கல்லும் மணலும் சேர்த்து இறுக்கிய சரளைதான் இருக்கும். இத்தகைய பாதைகள் பிரெஞ்சுக் கிராமப்புறத்தின் பல பாகங்களிலும் உண்டு. கரடுமுரடான வழிகளுக்கென்றே அகன்ற டயர்களுடன் செய்யப்படும் 'கிராவல்' சைக்கிள் பிரசித்தி பெற்றுவரும் இந்நாளில் அவற்றை நாடிச் செல்வோரும் பெருகி வருகின்றனர்.

இப்பாதைகளுள் பெரும்பாலானவை சைக்கிளை உத்தேசித்து உண்டானவை அல்ல. படகை இழுத்த குதிரைக்காகவும், நீராவி ரயிலுக்காகவும், குடியானவனின் வண்டிக்காகவும் ஏற்பட்ட வழிகள் அவை. குதிரையும் ரயிலும் மறைந்த பிறகும் எங்கெங்கே நிலம் கூறு போடப்படாமல் பொதுச் சொத்தாக நிலைத்ததோ, அங்கங்கே இன்று சைக்கிள் ஓடுகிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், இவை எப்படி உண்டாயின, எப்படிப் பாதுகாக்கப்படுகின்றன, எதனால் அபாயத்துக்கு உள்ளாகின்றன என்பதெல்லாம் தாமே விளங்கும்.

குதிரை நடந்த கரை

இயந்திரப் படகுகள் வருவதற்கு முன், சரக்குப் படகுகளைக் கரையில் நடந்தபடி குதிரைகளும் சில இடங்களில் மனிதர்களும் கயிறு கட்டி இழுத்துச் சென்றார்கள். இழுப்பவருக்கு இடையூறில்லாத வழி வேண்டும் என்பதற்காக, படகு செல்லும் ஆறுகளின் கரையில் நிலம் வைத்திருப்போர் 7.80 மீட்டர் அகலத்துக்கு இடம் விட்டுவிட வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டத்தின் நெடுங்கால விதியாயிற்று. நீரின் மட்டத்தை ஒட்டியே செல்வதால் இப்பாதைகளில் ஏற்ற இறக்கம் அரிது. படகுகளை ஒரு மட்டத்திலிருந்து மற்றொரு மட்டத்துக்கு மாற்றும் லாக் மதகுகளின் அருகில் மட்டும் சிறு ஏற்றம் ஒன்று எதிர்ப்படும்.

நாந்த்–பிரெஸ்த் கால்வாயின் சரித்திரம் சிந்தனைக்குரியது. நெப்போலியன் காலத்தில் இங்கிலாந்தின் போர்க்கப்பல்கள் பிரெஸ்த் துறைமுகத்தை வளைத்து நின்றபோது, கடலைத் தொடாமல் உள்நாட்டின் வழியாகவே அங்கே சாமான்களைக் கொண்டு சேர்க்க வேண்டும் என்ற யோசனையிலிருந்து அது பிறந்தது. 1842-இல் முழு நீளத்திலும் போக்குவரத்துத் தொடங்கியபோது நெப்போலியனும் இல்லை, முற்றுகையும் இல்லை. குளோமெல் என்ற ஊருக்கு அருகே மேட்டு நிலத்தைப் பிளந்துகொண்டு சுமார் 3 கிலோமீட்டர் தூரம் செல்லும் பெரும் பள்ளத்தை 1823 முதல் 1832 வரை தோண்டியவர்கள், பிரெஸ்த் சிறைச்சாலையிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். இன்று அந்தப் பள்ளத்தின் நிழலில் சுகமாகச் சைக்கிள் விடுகிறவர், அந்தக் கைகளுக்கும் கடமைப்பட்டவரே ஆவார். பிற்பாடு 1930-இல் கெர்லேதான் அணை முடிவடைந்தபோது கால்வாயின் ஒரு பகுதி நீரில் மூழ்கிவிட, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் படகு செல்வது நின்றுபோயிற்று. ஆயினும் கரை அரசாங்கத்தின் உடைமையாக இருந்தது. ஆதலால் வழி பிழைத்தது.

தெற்கே, பியேர்-போல் ரிக்கே என்பவரின் முயற்சியால் 1666-ஆம் ஆண்டு தொடங்கி 1681-இல் நிறைவேறிய மிதி கால்வாய், 240 கிலோமீட்டர் நீளமுடையது. 1996-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. துலூஸ் நகரத்திலிருந்து ஏறத்தாழ முதல் 50 கிலோமீட்டர் வரை சீரான தார்ப் பாதை. அதற்கு அப்பால் பல இடங்களில் மரவேர்கள் புடைத்து நிற்கும் மண் தடமே உண்டு. அக்கரைகளின் அழகாகிய பிளேன் மரங்களை ஒருவகைப் பூஞ்சை நோய் பீடித்திருப்பது 2006-இல் தெரியவந்தது. அதன் பிறகு ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி, வேறு ஜாதி மரங்களை நட்டு வருகிறார்கள்.

தண்டவாளம் நீங்கிய வழி

1879-இல் பொதுப்பணி மந்திரியாக இருந்த ஷார்ல் தெ ஃபிரெய்சினே, சிறிய ஊர்களுக்கும் ரயில் எட்ட வேண்டும் என்று ஒரு விரிவான திட்டத்தைச் சட்டமாக்கினார். அதன் பயனாகப் பல ஆயிரம் கிலோமீட்டர் கிளைப் பாதைகள் எழுந்தன. அடுத்த நூற்றாண்டில் பஸ்ஸும் லாரியும் காரும் வந்து அவற்றின் வருமானத்தைக் கவர்ந்துகொள்ளவே, ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் பெயர்த்தெடுத்துச் சென்றவர்களால், மண்மேட்டையும் பாலத்தையும் சுரங்கத்தையும் எடுத்துச் செல்ல இயலவில்லை. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாதாகையால், மலைப் பிரதேசத்திலும் இவ்வழிகள் நூறு மீட்டருக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் உயர்வது அபூர்வம். குழந்தைகளும் முதியோரும் சிரமமின்றி மிதிக்கலாம்.

இந்த வகையில் பிரான்ஸுக்கு வழிகாட்டியது, பர்கண்டியில் ஜிவ்ரிக்கும் குளுனிக்கும் இடையே 1997-இல் திறக்கப்பட்ட 44 கிலோமீட்டர் பாதையாகும். அது தார் போட்டது. குளுனிக்குத் தெற்கே அதன் தொடர்ச்சியிலுள்ள 1.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தை, அதில் உறங்கும் வௌவால்களின் பொருட்டுக் குளிர்காலத்தில் மூடிவிடுவது வழக்கம். சரளையை விரும்புகிறவர்களுக்கு ஏற்றது, தெற்கு மலைச்சாரலில் மாஸாமேக்கும் பெதாரியூவுக்கும் நடுவே சுமார் 80 கிலோமீட்டர் செல்லும் 'பாஸா பாயிஸ்' என்ற பாதை. பிரெத்தாஞ் பிரதேசத்திலும் மொர்லேயிலிருந்து காரே வரை, 1967-இல் நின்றுபோன மீட்டர் கேஜ் ரயிலின் வழி இப்போது சைக்கிளுக்கு உரியது. இத்தகைய பாதைகளில் செல்வோர் சாலை குறுக்கிடும் பல இடங்களில் ஒரு சிறிய வீட்டைக் காண்பார்கள்: சாலையை நோக்கிய சுவரில் ஓர் எண் பொறித்த பலகை, ரயில் வருவதைப் பார்ப்பதற்கு வசமான ஜன்னல், பின்புறம் ஒரு துண்டு காய்கறித் தோட்டம். அது கேட்கீப்பர் குடும்பத்தோடு வாழ்ந்த வீடு.

சட்டம் தரும் பாதுகாப்பு

'வுவா வெர்த்', அதாவது பசும்பாதை, என்பதைச் சாலை விதிகளில் ஒரு தனி வகையாக 2004 செப்டம்பரில் வெளியான அரசாணை சேர்த்தது. மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரை மீது செல்பவர்கள் ஆகியோருக்கு மட்டுமே உரியது என்பது அதன் இலக்கணம். அதற்கு முன்பே, பொதுச் சாலைகளை விட்டு விலகிக் காடு மேடுகளில் மோட்டார் வண்டி ஓட்டலாகாது என்று 1991-ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருந்தது.

கால்வாய்க் கரையும் பழைய ரயில் வழியுமன்றி மூன்றாவதொரு வகைப் பாதையும் உண்டு. வயலுக்கும் காட்டுக்கும் தோப்புக்கும் செல்லும் கிராமத் தடங்கள், கொம்யூன் எனப்படும் சுமார் 35,000 உள்ளாட்சிப் பிரிவுகளில் அந்தந்தக் கொம்யூனின் சொத்தாக விளங்குகின்றன. கிராவல் சைக்கிள்காரர்களின் உண்மையான சாம்ராஜ்யம் இதுவே. ஆயின் மிகவும் பலவீனமான பாதுகாப்பை உடையதும் இதுவே. கொம்யூனின் தனிச் சொத்தாகச் சட்டம் இவற்றைக் கருதுவதால், முப்பது ஆண்டுகள் ஒருவர் தடையின்றி அநுபவித்து வந்தால் தடம் அவருக்கே போய்விடக்கூடும். அண்டை வயலின் ஏர் வரப்பைத் தாண்டி வந்து உழுதுவிட்ட வழிகள் எத்தனையோ. கொம்யூன் சபை தன் தடங்களைக் கணக்கெடுக்கத் தீர்மானித்தால், அது முடியும் வரை, அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளுக்கு, அந்த அநுபவக் காலம் ஓடாமல் நிற்கும் என்று 2022-ஆம் ஆண்டின் சட்டம் வகை செய்திருக்கிறது.

சரளையா, தாரா?

பசும்பாதைகளின் மேற்பரப்பைப் பற்றி ஓயாத விவாதம் நடக்கிறது. சிறு கல்லையும் கல்தூளையும் நனைத்துப் பரப்பி, ரோட் ரோலரால் அழுத்தி எடுத்தால், தட்டிக் கெட்டித்த களத்துமேட்டைப்போலச் சரளை வன்மையும் இளக்கமும் கூடியதாக அமையும். ஓடுவோரின் முழங்காலுக்கும் குதிரையின் குளம்புக்கும் இதமானது. மழைநீரையும் ஓரளவு உறிஞ்சும். ஆனால் பெருமழையில் கீறல் கீறலாக அரிபட்டுவிடுவதால் அடிக்கடி செப்பனிட வேண்டும். சக்கர நாற்காலியில் வருவோருக்கும், அன்றாடம் வேலைக்குச் செல்வோருக்கும் தாரே சௌகரியம். ஊருக்கு அருகில் தாரும், ஊரைக் கடந்தபின் சரளையும் என்று பிரித்துக்கொள்வதே நியாயமென்பது என் அபிப்பிராயம்.

புறப்படுவோருக்கு

டயரின் அகலம் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், காற்று சற்றுத் தளர்வாகவும் இருத்தல் நலம். இதுவும் புதுமையன்று. செந்த்-எத்தியென் நகரத்தில் 1887-இல் சைக்கிள் பத்திரிகை தொடங்கி, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிவந்த போல் தெ விவி, கியர் மாற்றும் வசதியையும் அகன்ற டயரையும் 1930-இல் இறக்கும் வரை ஆதரித்துப் பேசியவர். அவர் காலத்துச் சாலைகளில் பெரும்பாலானவை சரளையே.

தேசப்பட நிறுவனத்தின் 1:25,000 அளவுப் படங்களில் வயல் தடங்கள் வரை குறிக்கப்பட்டிருக்கும். கிராமத்துக் கடைகள் ஞாயிறு பிற்பகலிலும் பல ஊர்களில் திங்களன்றும் மூடிக் கிடக்குமாதலால் உணவைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்துக் குழாய் உதவும், ஆனால் குடிக்கத் தகாதது என்ற பலகை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடையாளமிட்ட சைக்கிள் பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருந்து, சைக்கிளைப் பத்திரமாக வைக்க இடம் தரும் விடுதிகள் 'அக்கேய் வெலோ' என்ற முத்திரை பெற்றிருக்கும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் காடுகளில் வேட்டை நடப்பதால் பளிச்சென்ற நிற உடையணிவது அவசியம்.

மூடப்பட்ட எல்லா ரயில் பாதைகளும் இவ்வாறு பிழைக்கவில்லை. நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்ட இடங்களில், ஒரு வீட்டின் தோட்டச் சுவரோ ஒரு வயலின் வேலியோ குறுக்கே நின்று, இருபுறமுள்ள நல்ல வழியையும் பயனற்றதாக்கி விடுகிறது. பல நூறு பேரிடம் திரும்ப வாங்கி ஒரு நீண்ட கோட்டை மறுபடி உண்டாக்குவது, முதலில் அதை அமைத்ததைவிடக் கடினமான காரியம். ஆகையால் ஒரு பாதை தன் தொழிலை இழந்த நாளிலேயே, அதன் அடுத்த உபயோகம் இன்னதென்று தெரியாவிட்டாலும், நிலத்தைப் பிளவுபடாமல் பொதுவில் வைத்துக்கொள்வதே அரசாங்கத்தின் கடமை. சில இடங்களில் ரயில் நிர்வாகம் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பராமரிப்பை மட்டும் உள்ளூர் ஸ்தாபனங்களிடம் ஒப்படைத்திருக்கிறது. பின்னொரு காலத்தில் ரயிலே திரும்ப வேண்டுமென்றாலும் அதற்கும் வழி இருக்கும் என்பதால், எல்லாவற்றிலும் விவேகமான ஏற்பாடு அதுவே.